சலிப்பது யார்? – மேகக் கணினிப் பட்டியல்களின் கதை

2006 ஆகஸ்ட் மாதம் அமேசான் நிறுவனம் ஒரு புது வியாபாரத்தை ஆரம்பித்தது. அதுவரை புத்தகக் கடை என்றுதான் பலரும் அதை அறிந்திருந்தார்கள். இப்போது அது கணினியை வாடகைக்கு விட ஆரம்பித்தது. மணிக்கு 10 சென்ட். கடன் அட்டை எண்ணைக் கொடுத்தால் போதும், எங்கோ ஒரு கட்டிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கணினியில் ஒரு பங்கு சில நிமிடங்களில் கைக்கு வந்துவிடும். வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம். அணைத்துவிட்டால் வாடகை கிடையாது. இந்தச் சேவையின் பெயர் ஈசி2. வாடகைக்கு எடுத்த ஒவ்வொரு பங்கையும் 'இன்ஸ்டன்ஸ்' என்றார்கள்.

வாடகை சைக்கிள் கடையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வண்டியின் மட்கார்டில் எண் எழுதியிருக்கும். கடைக்காரர் நோட்டில் ஆளின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார். ஆனால் ஒரே ஆள் ஐந்நூறு சைக்கிள்களை எடுத்து, ஊரில் பல தெருக்களில் பல பேரிடம் கொடுத்துவிட்டால்? எந்த வண்டி யாரிடம், எதைத் திருப்பித் தர வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று எப்படித் தெரியும்? நோட்டைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

மேகக் கணினி என்று சொல்லப்படும் இந்தத் தொழிலின் வரலாற்றில் பெரிய கதைகள் பல உண்டு. அந்த நோட்டைப் புரட்டும் கதை சின்னதுதான். பட்டியலைக் கேட்பது, அதில் வேண்டியதை மட்டும் வடிகட்டி எடுப்பது, அவ்வளவே. ஆனால் பல லட்சம் ரூபாய் வீணானதும், வலைத்தளங்கள் பாதி நாள் முடங்கியதும், முன்பின் தெரியாதவன் ஒருவன் அடுத்தவர் கணினிக்குள் நுழைய வழி கிடைத்ததும் இந்தச் சின்ன வேலையில்தான்.

டால்பினும் முதல் பட்டியலும்

ஈசி2வை நிரல் எழுதி இயக்குவதற்கு அமேசான் ஓர் ஏபிஐ கொடுத்திருந்தது. இணையம் வழியாக ஒரு கோரிக்கை அனுப்பினால் எக்ஸ்எம்எல் வடிவத்தில் பதில் வரும். ஒவ்வொரு முறையும் அந்த எக்ஸ்எம்எல்லைக் கையால் பிரித்துப் படிப்பது பெரும் தொல்லை. அதனால் மிட்ச் கார்னாட் என்ற நிரலாளர் அதே 2006-இல் பைத்தான் மொழியில் ஒரு லைப்ரரி எழுத ஆரம்பித்தார். அதன் பெயர் 'போட்டோ'. படம் பிடிக்கும் போட்டோ இல்லை! அமேசான் ஆற்றில் வாழும் ஒருவகை டால்பினுக்கு அந்தப் பக்கத்து மக்கள் வைத்திருக்கும் பெயர். அமேசானுக்குள் நீந்துவதற்கு அமேசான் டால்பின், பொருத்தமான பெயர்தான்.

அந்த லைப்ரரியில் இன்ஸ்டன்ஸ்களைப் பட்டியலிட ஒரு ஃபங்ஷன் இருந்தது. 'கெட் ஆல் இன்ஸ்டன்சஸ்', அதாவது எல்லா இன்ஸ்டன்ஸ்களையும் கொண்டுவா. பெயரிலேயே 'எல்லாம்' இருக்கிறது. எண் தெரிந்தால் அதைக் கொடுத்து ஒன்றிரண்டை மட்டும் கேட்கலாம். எண் தெரியாவிட்டால் முழுப் பட்டியல்தான். அதுவும் நேரடியாக இன்ஸ்டன்ஸ் பட்டியல் வராது. ஒரே கோரிக்கையில் சேர்த்து எடுத்த கணினிகளை அமேசான் ஒரு 'ரிசர்வேஷன்' என்று கட்டாகக் கட்டி வைத்திருந்தது. அந்தக் கட்டுகளின் பட்டியல்தான் வரும். ஒவ்வொரு கட்டையும் பிரித்து, உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பெயர் ஒன்று, வருவது வேறொன்று என்பது புதியவர்களைப் பல வருடங்கள் குழப்பியது. பின்னாளில் 'கெட் ஒன்லி இன்ஸ்டன்சஸ்' என்று இன்னொரு ஃபங்ஷன் சேர்க்க வேண்டி வந்தது.

ஆரம்பத்தில் இது யாருக்கும் பெரிய குறையாகத் தெரியவில்லை. ஒரு கணக்குக்கு 20 இன்ஸ்டன்ஸ் என்பதே அன்றைய வழக்கமான உச்சவரம்பு. இருபது வரிகளைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அரைப்படி அரிசிக்குச் சல்லடை எதற்கு, கையாலேயே கல் பொறுக்கலாம் அல்லவா?

தொழில் வளர்ந்தது. உச்சவரம்பைக் கேட்டு உயர்த்திக்கொண்டவர்களிடம் நூற்றுக்கணக்கில் கணினிகள் சேர்ந்தன. ஒவ்வொன்றின் அடையாளமும் 'ஐ' என்ற எழுத்து, ஒரு கோடு, அதன்பின் எட்டு இலக்கப் பதினாறடிமான எண். மனிதன் நினைவில் வைக்கக்கூடிய பெயரா அது?

காவல்காரனின் வேலையைச் செய்த ஒட்டுச்சீட்டு

பெயர் எழுத இடம் தராத ஊரில் மக்கள் கதவின் நிறத்தை வைத்து வீட்டை அடையாளம் சொல்வார்கள். அன்றைய நிரலாளர்களும் அப்படியொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் ஒரு 'செக்யூரிட்டி குரூப்'பில் இருக்க வேண்டும். எந்த வாசல் வழியாக யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் தடுப்புச்சுவர் விதி அது. அந்தக் குழுவுக்கு ஒரு பெயர் வைக்கலாம், அந்தப் பெயர் பட்டியலில் தெரியும். போதாதா?

ஹடூப் கணினிக் கூட்டங்களை ஈசி2வில் ஏற்றிய ஆரம்பக்கால நிரல்கள் இப்படித்தான் வேலை செய்தன. கூட்டத்தின் பெயரையே செக்யூரிட்டி குரூப்புக்கு வைத்துவிடுவார்கள். பிறகு முழுப் பட்டியலையும் வாங்கி, யுனிக்ஸின் 'கிரெப்' போன்ற கட்டளைகளால் அந்தக் கூட்டத்துக்கு உரிய வரிகளை மட்டும் பிடித்து எடுப்பார்கள். கிரெப் 1970-களில் கென் தாம்ப்சன் எழுதிய கருவி. உரைக்கோப்பில் ஒரு சொல் வரும் வரிகளைக் காட்டும். முப்பது வருடம் கழித்தும் அதே சல்லடைதான் கைகொடுத்தது!

ஆனால் இதில் ஒரு சிக்கல். அன்றைய ஈசி2வில் ஒரு இன்ஸ்டன்ஸை ஏற்றிய பிறகு அதன் செக்யூரிட்டி குரூப்பை மாற்ற முடியாது. அடையாளம் மாற வேண்டுமென்றால் கணினியையே அணைத்துப் புதிதாக ஏற்ற வேண்டும். காவலுக்கு வைத்த விதியும் பெயர்ப்பலகையும் ஒன்றாகிவிட்டதால் வந்த வினை.

இன்னொரு பட்டியல் இதைவிட மோசம். கணினியை ஏற்றுவதற்கு அடிப்படையான வட்டுப் படிமங்களை (இயங்குதளம் எல்லாம் நிறுவித் தயாராக வைத்த நகல்கள்) யார் வேண்டுமானாலும் பொதுவில் வெளியிடலாம். எண்ணோ உரிமையாளரோ குறிப்பிடாமல் படிமப் பட்டியலைக் கேட்டால் உலகத்தார் வெளியிட்ட அத்தனையும் வந்து கொட்டும். ஆயிரக்கணக்கான வரிகள் இணையம் வழியாக வந்து இறங்கும் வரை காத்திருந்து, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறிய வேண்டும்.

தமிழில் சலிப்பு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அன்றைய நிரலாளர்களுக்கு இரண்டுமே பொருந்தின.

1970-களிலேயே முடிந்துபோன வழக்கு

வேடிக்கை என்னவென்றால், கணினித் துறை இந்தக் கேள்விக்கு ஏற்கனவே ஒருமுறை பதில் கண்டுபிடித்திருந்தது. சலிப்பது யார்? பட்டியல் வைத்திருப்பவரா, கேட்பவரா?

1960-களின் தரவுத்தளங்களில் கேட்பவர்தான் சலித்தார். ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அந்த முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் சார்லஸ் பாக்மன். 1973-இல் டூரிங் விருது பெற்றபோது அவர் ஆற்றிய உரையின் தலைப்பே நிரலாளரை ஒரு மாலுமியாகப் பார்த்தது. தரவுக் கடலில் வழி கண்டுபிடித்துப் போவது நிரலாளரின் பொறுப்பு.

அதற்கு மூன்று வருடம் முன்பே, 1970 ஜூனில், ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் வேறொரு வழியை எழுதியிருந்தார். தரவை அட்டவணைகளாக வைத்துக்கொள்ளுங்கள், கேட்பவர் தனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லட்டும், எப்படி எடுப்பது என்பது இயந்திரத்தின் பாடு என்றது அந்தக் கட்டுரை. 1974-இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதை ஒரு மொழியாக்கினார்கள். அதுதான் இன்றைய எஸ்கியூஎல். அதில் 'வேர்' என்று ஒரு பகுதி வரும், எந்த நிபந்தனைக்கு உட்பட்ட வரிகள் வேண்டும் என்று சொல்ல. 1979-இல் பெட்ரீசியா செலிங்கரும் குழுவினரும் அடுத்த படியைக் காட்டினார்கள். ஒரு நிபந்தனையை நிறைவேற்றப் பல வழிகள் இருந்தால், எந்த வழியில் செலவு குறைவு என்று தரவுத்தளமே கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும்.

ஆக வழக்கு முடிந்தது. பட்டியல் எங்கே இருக்கிறதோ அங்கேயே சலிக்க வேண்டும். தவிடு முழுவதையும் வண்டியேற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சலிப்பது வீண்.

ஆனால் புதிய துறை ஒன்று பிறக்கும்போது பழைய பாடங்கள் பெரும்பாலும் கூட வருவதில்லை. 2006 முதல் 2010 வரை மேகக் கணினி நிரலாளர்கள் மறுபடியும் மாலுமிகளாகவே இருந்தார்கள்.

2010 செப்டம்பர்

அந்த மாதம் அமேசான் ஈசி2வில் சில வசதிகளை ஒன்றாக வெளியிட்டது. அவற்றில் இரண்டு இந்தக் கதைக்கு முக்கியம்: குறிச்சொல், வடிகட்டி.

வலைப்பதிவில் ஓர் இடுகைக்குக் குறிச்சொல் இடுவது போல இன்ஸ்டன்ஸுக்கும் குறிச்சொல் இடலாம். ஆனால் இங்கே குறிச்சொல்லுக்கு இரண்டு பாகம். சூழல் = சோதனை, குழு = கணக்குப்பிரிவு என்பது போல ஒரு தலைப்பும் அதற்கொரு மதிப்பும். ஒரு பொருளுக்குப் பத்து வரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2016-இல் இது ஐம்பது ஆனது. காவல் விதியிலிருந்து பெயர்ப்பலகை ஒருவழியாகப் பிரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் குறிச்சொல்லை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

கூடவே வந்த வடிகட்டி, சலிக்கும் வேலையை அமேசானின் பக்கத்துக்குத் தள்ளியது. பட்டியலைக் கேட்கும்போதே நிபந்தனையையும் அனுப்பிவிடலாம். போட்டோ லைப்ரரியும் 'ஃபில்டர்ஸ்' என்ற இடத்தைத் தன் ஃபங்ஷன்களில் சேர்த்துக்கொண்டது. நிபந்தனை எழுதும் விதி எளிது. ஒரே வடிகட்டிக்குள் பல மதிப்புகளைக் கொடுத்தால் 'இது அல்லது அது'. வடிகட்டிகள் பல இருந்தால் 'இதுவும் அதுவும்'. நட்சத்திரக் குறி போட்டால் எந்த எழுத்துகளும் வரலாம், கேள்விக்குறி போட்டால் ஏதாவது ஓர் எழுத்து.

இது எஸ்கியூஎல் போன்ற முழு மொழி அல்ல. மற்ற நிறுவனங்கள் வேறு பாதையில் போயின. கூகுள் தன் கணினிச் சேவையில் நிபந்தனையை ஒரு வாக்கியமாக எழுத வைத்தது. மைக்ரோசாஃப்டின் அஷ்யூர், அந்த நிறுவனமே முன்பு உருவாக்கிய ஓடேட்டா முறையைப் பின்பற்றியது. அமேசான் மட்டும் பெயரும் மதிப்பும் கொண்ட எளிய பட்டியலோடு நின்றுவிட்டது. புரிந்துகொள்ள எளிது. ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலை இருந்தது.

வடிகட்டி சொல்லாமல் விட்டவை

ஈசி2 வடிகட்டியில் 'அல்ல' என்று சொல்ல வழி இல்லை. சூழல் என்ற குறிச்சொல்லின் மதிப்பு 'சோதனை' உள்ளவற்றைக் கேட்கலாம். 'சோதனை' அல்லாதவற்றைக் கேட்க முடியாது. முக்கியமாக, குறிச்சொல்லே இல்லாதவற்றைக் கேட்க முடியாது.

இது சின்ன விஷயமா? ஒரு நிறுவனத்தில் பணம் வீணாவது எங்கே என்று யோசித்துப் பார்த்தால் தெரியும். யாரோ ஒருவர் ஒரு பரிசோதனைக்காகக் கணினியை ஏற்றிவிட்டு, பெயர் வைக்காமல், மறந்துவிட்டு, வேலையையும் விட்டுப் போயிருப்பார். அது இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். மாதாமாதம் பில் வரும். குறிச்சொல் வைத்துத் தேடும் எந்த அறிக்கையிலும் அது வராது. எதைக் கண்டுபிடிப்பது மிகவும் அவசியமோ, அதுதான் சல்லடைக்குள் சிக்காமல் போகிறது. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் 2006-இன் பழைய வழிதான்: முழுப் பட்டியலையும் வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, குறிச்சொல் இல்லாதவற்றை நிரலாளரே ஒதுக்க வேண்டும். 2022 நவம்பரில் அமேசான் 'ரிசோர்ஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற தனித் தேடல் சேவையைக் கொண்டுவந்தது. குறிச்சொல் இல்லாதவற்றை நேரடியாகக் கேட்கும் வழி அதில் இருக்கிறது.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இன்னொரு பள்ளம். ஆங்கிலத்தில் ஒருவர் பெரிய எழுத்தில் தொடங்கிக் குறிச்சொல் வைத்து, இன்னொருவர் சிறிய எழுத்தில் வைத்தால், வடிகட்டிக்கு அவை இரண்டும் வேறு வேறு.

மூன்றாவது பள்ளம் ஊர். அமேசானின் கணினிக் கூடங்கள் உலகெங்கும் பல வட்டாரங்களில் இருக்கின்றன. ஒரு கோரிக்கை ஒரு வட்டாரத்தை மட்டுமே கேட்கும். வர்ஜீனியாவில் தேடினால் மும்பையில் ஓடுவது தெரியாது. 'எல்லாம்' என்று பெயர் வைத்த ஃபங்ஷன்கூட அந்த வட்டாரத்தின் எல்லாவற்றையும்தான் சொன்னது.

இவை எதிலும் பிழைச் செய்தி வராது என்பதைக் கவனிக்க வேண்டும். நிபந்தனை தவறாக இருந்தாலும் சுத்தமான, நேர்த்தியான ஒரு பட்டியல் வரும். அல்லது காலிப் பட்டியல் வரும். 'ஒன்றும் இல்லை' என்பதற்கும் 'தவறாகக் கேட்டுவிட்டாய்' என்பதற்கும் பார்வைக்கு வித்தியாசம் இல்லை.

ஆயிரத்தோடு நின்ற பட்டியல்

ஈசி2வுக்குச் சில மாதம் முன்பே, 2006 மார்ச்சில், எஸ்3 என்ற கோப்புக் கிடங்கைத் திறந்திருந்தது அமேசான். அங்கே பட்டியலிடும் முறை இன்னும் கறாரானது. கோப்புப் பெயரின் முன்னொட்டை வைத்து மட்டுமே கேட்கலாம். '2009' என்று தொடங்குபவை வேண்டும் என்று கேட்கலாம். 'படம்' என்று முடிபவை வேண்டும் என்று கேட்க முடியாது.

இதற்குக் காரணம் உண்டு. பெயர்கள் அகராதி வரிசையில் வருகின்றன. அகராதியில் 'கட' என்று தொடங்கும் சொற்கள் எல்லாம் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருக்கும், விரல் வைத்த இடத்திலிருந்து படித்துக்கொண்டே போகலாம். 'கட' என்று முடியும் சொற்களோ அகராதி முழுக்கச் சிதறிக் கிடக்கும். கோடிக்கணக்கான கோப்புகள் உள்ள கிடங்கில் முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாவதற்கு முழுக் கிடங்கையும் கிளற வேண்டும்.

ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் 1000 பெயர்கள்தான் வரும். மீதி வேண்டுமென்றால் விட்ட இடத்திலிருந்து மறுபடி கேட்க வேண்டும். போட்டோ லைப்ரரியில் இதற்கு இரண்டு வழி இருந்தது. 'லிஸ்ட்' என்பது பக்கம் பக்கமாகத் தானே கேட்டு முழுவதையும் கொண்டுவரும். 'கெட் ஆல் கீஸ்' என்பது ஒரே ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளும். பெயரில் 'எல்லாம்' என்று இருப்பதோ இரண்டாவதில்!

சோதனை செய்யும்போது நூறு கோப்புகள் இருந்தால் இரண்டும் ஒன்று போலவே வேலை செய்யும். ஆயிரத்தோராவது கோப்பு வந்த நாளிலிருந்து பட்டியல் சத்தமில்லாமல் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு வரும் பெயர்கள் அந்த நிரலின் கண்ணுக்கே தெரியாது.

சலிக்கும் வேலையைச் சர்வர் எடுத்துக்கொண்டால் செலவு குறையும் என்ற நம்பிக்கையும் எப்போதும் சரியில்லை. 2012 ஜனவரியில் வந்த டைனமோடிபி தரவுத்தளத்தில் முழு அட்டவணையையும் துழாவும்போது வடிகட்டி வைக்கலாம். ஆனால் அது முதலில் ஒரு மெகாபைட் அளவுக்குப் படித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சலிக்கும். படித்ததற்கு முழுக் கட்டணம். ஒரு பக்கத்தில் பொருந்துவது எதுவும் இல்லையென்றால் காலிப் பக்கமே வரும், 'இன்னும் இருக்கிறது' என்ற சீட்டோடு. காலியைப் பார்த்ததும் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடும் நிரல் ஏமாந்துபோகும்.

கேள்வி கட்டளையானபோது

2015 ஜூனில் 'போட்டோ3' வந்தது. இம்முறை அமேசானே பொறுப்பேற்று வெளியிட்டது. (பழைய போட்டோவின் கடைசி வெளியீடு 2018-இல்.) புதிய லைப்ரரியில் பட்டியல்கள் 'கலெக்‌ஷன்' என்ற பொருள்களாயின. ரிசர்வேஷன் கட்டுகளைப் பிரிக்க வேண்டாம், பக்கம் பக்கமாகக் கேட்க வேண்டாம், எல்லாம் உள்ளே தானாக நடக்கும். 'இன்ஸ்டன்சஸ்' என்று எழுதி ஒரு புள்ளி, 'ஃபில்டர்' என்று எழுதி நிபந்தனை, முடிந்தது. பத்து வருடச் சலிப்புக்கு விடிவு.

அதே வரியில் இன்னொரு புள்ளி வைத்து 'டெர்மினேட்' என்று எழுதினால், வடிகட்டியில் சிக்கிய அத்தனை கணினிகளும் ஒரேயடியாக அழியும்.

அதுவரை பட்டியலிடுவது ஒரு வேலை, அழிப்பது இன்னொரு வேலை. நடுவில் ஒரு லூப் எழுத வேண்டியிருந்தது. அதைச் சலிப்பான வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் எதை அழிக்கப் போகிறோம் என்று ஒருமுறை பார்க்கும் இடமும் அந்த லூப்தான். இப்போது கேள்வியும் கட்டளையும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டன. இதே வகையில் எஸ்3 கிடங்கிலிருந்து கோப்புகளை மொத்தமாக நீக்கும் உதாரணத்தைக் காட்டும் போட்டோ3 கையேடு, அதன் அடியிலேயே இது கிடங்கை முழுக்கக் காலி செய்துவிடும் என்று அபாய எச்சரிக்கை போட்டிருக்கிறது.

இங்கேதான் ஒரு பழைய கணக்குப் புதிர் வந்து நிற்கிறது. நிபந்தனை காலியாக இருந்தால் என்ன பொருள்? ஒரு நிரலாளர் அழிக்க வேண்டிய கணினிகளின் எண்களை ஒரு பட்டியலாகச் சேர்க்கிறார். இன்று அழிக்க எதுவும் இல்லை, பட்டியல் காலி. அந்தக் காலிப் பட்டியலை வடிகட்டிக்குக் கொடுக்கிறார். அவர் மனதில் 'எதுவும் வேண்டாம்'. ஆனால் அமேசானுக்குப் போகும் கோரிக்கையில் எண் எதுவும் இருக்காது. எண் இல்லாத கோரிக்கைக்கு 2006-லிருந்தே ஒரே பொருள்தான்: எல்லாவற்றையும் கொண்டுவா. அந்த வரியின் கடைசியில் 'டெர்மினேட்' என்றிருந்தால்?

தர்க்கப்படி பார்த்தால் தவறில்லை. நிபந்தனையே இல்லாதபோது எல்லாமே நிபந்தனைக்கு உட்பட்டவைதான். எஸ்கியூஎல்லில் 'வேர்' இல்லாமல் நீக்கச் சொன்னால் அட்டவணையின் எல்லா வரிகளும் போய்விடுவதும் இதே தர்க்கத்தால்தான். மைஎஸ்கியூஎல் கருவியில் அதைத் தடுக்க ஒரு பாதுகாப்புத் தேர்வு உண்டு. அதற்கு இன்னொரு பெயர் 'நான் ஒரு மக்கு' என்ற பொருளில் வைக்கப்பட்டிருக்கிறது. நகைச்சுவைதான், ஆனால் அடிபட்டவர்களின் நகைச்சுவை.

2017 பிப்ரவரி 28

கட்டளை எத்தனை பேரைத் தொடுகிறது என்று தெரியாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை அமேசானே தன் கூடத்தில் அனுபவித்தது. அன்று காலை வர்ஜீனியா வட்டாரத்தில் எஸ்3 குழுவின் ஊழியர் ஒருவர், எஸ்3 பில் கணக்கோடு தொடர்புடைய ஒரு பகுதியிலிருந்து சில சர்வர்களை மட்டும் விலக்க ஒரு கட்டளை கொடுத்தார். அனுமதி உள்ளவர், ஏற்கனவே எழுதி வைத்த வழிமுறைப்படிதான் செய்தார். கட்டளைக்குக் கொடுத்த உள்ளீடுகளில் ஒன்று தவறிப்போனது. நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் விலகின. கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று நினைவில் வைத்திருக்கும் பகுதியும், புதிய கோப்புக்கு இடம் ஒதுக்கும் பகுதியும் அவற்றில் அடங்கும். இரண்டையும் முழுதாக நிறுத்தித் திரும்ப ஏற்ற வேண்டியதாயிற்று.

எஸ்3 முழுதாகத் திரும்ப நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதை நம்பியிருந்த எண்ணற்ற தளங்கள் தடுமாறின. சேவைகளின் நிலையைக் காட்டும் அமேசானின் சொந்தப் பலகையும் எஸ்3-ஐ நம்பியிருந்ததால், அதைக்கூட ஆரம்பத்தில் மாற்ற முடியவில்லை!

பின்னர் அமேசான் வெளியிட்ட விளக்கத்தில், தட்டச்சு செய்தவரை விட்டுவிட்டுக் கருவியைத் திருத்தியதாகச் சொன்னார்கள். சர்வர்களை மெதுவாக விலக்கும்படியும், தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதபடியும் அந்தக் கருவி மாற்றப்பட்டது. அதாவது, கட்டளை கொடுத்தவர் எவ்வளவு கேட்டாலும் ஓர் எல்லைக்கு மேல் கருவியே மறுத்துவிடும்.

அடுத்தவன் வைத்த பெயர்

வடிகட்டியின் இன்னொரு ஆபத்து 2025 பிப்ரவரியில் பகிரங்கமானது. டேட்டாடாக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். உலகத்தார் வெளியிட்ட எல்லாமும் வந்து கொட்டும் அந்த வட்டுப் படிமப் பட்டியல் நினைவிருக்கிறதா? பலர் அதைப் பெயரால் வடிகட்டி, வந்தவற்றில் ஆகக் கடைசியாக வெளியானதை எடுத்துத் தங்கள் கணினியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெயர் பொருந்துகிறது, புதியது, வேறென்ன வேண்டும்?

உரிமையாளர் யார் என்று கேட்க மறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் அதே பாணியில் பெயர் வைத்து ஒரு படிமத்தைப் பொதுவில் வெளியிடலாம். இன்று வெளியிட்டால் அதுதான் புதியது. அடுத்த முறை அந்த நிரல் ஓடும்போது திருடன் தயாரித்த படிமத்தையே எடுத்து ஏற்றும். நிரலில் எழுத்துப் பிழை இல்லை, வடிகட்டியும் கேட்டதைச் சரியாகவே கொடுத்தது. கேள்வியில் ஒரு நிபந்தனை குறைவு, அவ்வளவுதான். உரிமையாளரைக் குறிப்பிடும் வசதி ஈசி2வின் ஆரம்பக் காலத்திலிருந்தே இருந்தது என்பதுதான் வேதனை. எந்த உரிமையாளர்களின் படிமங்களை மட்டும் ஏற்பது என்று கணக்கு அளவிலேயே வரையறுக்கும் வசதியை 2024 டிசம்பரில் அமேசான் கொண்டுவந்தது.

சல்லடை பேசாது

இருபது வருடக் கதையைத் திரும்பிப் பார்த்தால் ஒரு நேர்கோடு தெரிகிறது. முதலில் வடிகட்டியே இல்லை, ஒவ்வொருவரும் தன் வீட்டில் சலித்தார்கள். 2010-இல் வேலை சர்வருக்குப் போனது. 2015-இல் அது ஒரே வரியில் அடங்கி, செயலோடு இணைந்தது. ஒவ்வொரு படியிலும் உழைப்புக் குறைந்தது. ஒவ்வொரு படியிலும் மனிதன் பட்டியலைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பும் குறைந்தது.

ஆயிரத்தோடு நின்ற பட்டியல் குறைவாகக் கொடுத்தது. காலி நிபந்தனை அதிகமாகக் கொடுத்தது. உரிமையாளர் இல்லாத கேள்வி அடுத்தவனுடையதைக் கொடுத்தது. மூன்றிலும் வந்த பதில் பார்வைக்கு ஒழுங்காகவே இருந்தது. எதை விட்டேன், எதைச் சேர்த்தேன் என்று சல்லடை ஒருபோதும் சொல்லாது.

அதனால்தான் தொழிலில் அடிபட்டவர்கள் பழைய வழக்கம் ஒன்றுக்குத் திரும்பியிருக்கிறார்கள். பட்டியலிடுவதையும் அழிப்பதையும் ஒரே வரியில் எழுதுவதில்லை. முதலில் வடிகட்டுவது. வந்தவற்றை எண்ணுவது. எண்ணிக்கை பூஜ்யமாகவோ எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகவோ இருந்தால் நிறுத்திவிடுவது. அதன்பின் எண்களைப் பெயர் சொல்லிக் கொடுத்து அழிப்பது. போட்டோ3-இன் அந்தக் கலெக்‌ஷன் முறைக்குப் புதிய வசதிகள் சேர்க்கும் எண்ணம் இல்லை என்று அதன் குழுவே தன் கையேட்டில் சொல்லிவிட்டது. அதில் எழுதிய பழைய நிரல்கள் ஓடும், அவ்வளவுதான்.

அரிசி சலிக்கும் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. சல்லடைக்குக் கீழே விழுந்ததையும் ஒருமுறை கையால் அளைந்து பார்த்துவிட்டுத்தான் கொட்டுவார்கள்.